செந்தட்டியின் கடைசி இதழ்

"ஆபீஸ் சாவிய மேசைமேல வெச்சிட்டுப் போ, மாதேஷ்."

ஐசக் தலை நிமிரவில்லை. எதிரே, அன்று வெளிவந்த 'செந்தட்டி' கட்டுக் கட்டாகக் கிடந்தது. பட்டால் அரிக்கும் அந்தச் செடியைப் போலவே, ஓசூர்ப் பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அரிப்பெடுக்க வைத்த கேலிப் பத்திரிகை. ஐசக் அதன் ஆசிரியர். முதல் இதழிலிருந்து அச்சடித்துத் தருபவன் மாதேஷ்.

அட்டையில் ஒரு கார்ட்டூன். ஒரு கம்பெனியில் முதலாளி அறைக்குத் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு. பெண்கள் கழிவறைக்கோ, ஒருத்தி துப்பட்டாவைக் கதவாகப் பிடித்து நிற்கிறாள். அந்தக் கம்பெனியில்தான் ஐசக்கின் மனைவி ஆரோக்கியசெல்விக்கு வேலை. கதவில்லாத கழிவறைக்குப் போக அஞ்சி, காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். அதைப் பார்த்து வயிறெரிந்து போட்ட படம்.

ஆனால், இதழ் கடைக்குப் போகுமுன்னே கழிவறைக்குப் புத்தம்புது நீலக் கதவு வந்துவிட்டது. படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள்: 'செந்தட்டி புளுகுது!' போன மாதம் அதே கம்பெனி கேன்டீன் சாப்பாட்டுப் புழுவும் இப்படித்தான், கட்டுரைக்கு முன்னே காணாமல் போனது.

"பாகலூர் டீக்கடையில என்ன கேக்கறாங்க தெரியுமா? 'உங்க செந்தட்டி இப்பல்லாம் அரிக்கறதில்லையே சார், சந்தனமாயிடுச்சா?'ன்றாங்க. அச்சாகறதுக்கு முன்னாடி படத்தப் பாத்த வெளியாளு நீ ஒருத்தன்தானடா!"

"நான் வெளியாளாண்ணா?"

அவ்வளவுதான் கேட்டான் மாதேஷ். சாவியை வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினான்.

ஷிப்ட் முடிந்து செல்வி உள்ளே வந்தாள். பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் கவிழ்த்தாள்.

"மாதேஷண்ணன் ஏங்க கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போறாரு?"

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டான், செல்வி. படத்த முன்கூட்டியே மேனேஜர்கிட்ட காட்டியிருக்கான். இனிமே யார நம்பி நடத்தறது? பத்திரிகைய மூடிடப் போறன்."

அவள் மேசைமேலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஓடிப்போய் அவரக் கூட்டிட்டு வாங்க. பிழை திருத்த என்கிட்ட குடுத்தீங்களே, அந்தத் தாளக் கொண்டுபோய் மேனேஜர்கிட்ட காட்டுனது நான்தான், போன மாசமும். பத்திரிகை வெளிய வந்தப்புறம்னா வீம்புக்கே கதவ மாட்ட மாட்டாங்க."

ஐசக் ஓர் இதழை உருவி, அட்டையை அவளிடம் நீட்டினார்.

"ஊரே என்னைப் பொய்யன்னு சிரிக்குதே, செல்வி!"

"உங்களுக்குக் கதவு வேணுமா, அட்டைப்படம் வேணுமா?"