குருவிக்குப் பின்னால்

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

முள்ளுப்புதரின் அடியில் சருகு அசைந்தது.

ஆறுமணிக்குருவி. மூன்று வருடமாக அவனுக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது இருபதடி தூரத்தில் நின்று புழு கிளறியது. பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு.

இலை நிறச் சட்டை, இலை நிறத் தொப்பி, முகத்தை மறைத்து ஒரு துணி. விடியுமுன்னே வந்து இந்தக் குளத்தங்கரைப் புதருக்குள் உட்கார்ந்திருந்தான்.

எதற்கு இந்தப் பாடு என்று மனைவி கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அழகு, இயற்கை என்று ஏதாவது சொல்லி வைப்பான். உண்மை வேறு. அலுவலகத்தில் நாள் முழுக்க எல்லோரும் அவனைப் பார்த்துக் கத்துவார்கள். இங்கே அவன் பார்ப்பான், அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் ஒரு சுகம்.

கேமராவின் பொத்தானை அழுத்தினான். படபடவென்று இருபது படம்.

குருவி பறந்தது.

முள்ளுப்புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பதறி எழுந்தாள்.

சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலடியில் தண்ணீர்ச் செம்பு உருண்டது.

அவனுக்குக் காதுவரை சுட்டது.

இந்த ஊரில் பாதி வீடுகளில் கழிப்பறை இல்லை என்பது தெரியாதவன் அல்ல. வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, கால் வைக்கும் இடம் பார்த்துப் பார்த்துத்தான் வந்தான். அங்கே ஒதுங்குகிறவர்கள் எந்நேரம் வருவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அவள் ஓடவில்லை. நேரே அவனிடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"என்னத்த சார் போட்டோ புடிக்கிய?"

முகத்துணியை அவிழ்த்தான்.

"குருவிம்மா. சத்தியமா குருவியத்தான்."

கேமராவைத் திருப்பி அவளிடம் காட்டினான்.

படம் பிரமாதமாக வந்திருந்தது. குருவியின் கண்ணில் காலை வெளிச்சம் ஒரு புள்ளியாக நின்றது. அதன் தலைக்குப் பின்னால், கலங்கிய பச்சைக்கு நடுவே, ஒரு சிவப்புத் திட்டு.

அவள் உடுத்தியிருந்தது சிவப்புச் சேலை.

குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"பின்னால செவப்பா என்ன சார், பூவா?"

"ஆமாம்மா."

சொன்ன வாயில் அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

அவள் முகம் தெளிந்தது.

"நா வேற என்னமோன்னு நெனச்சிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதிய சார்."

பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் மன்னித்துக்கொண்டிருந்தான்.

செம்பை எடுத்துக்கொண்டு நாலடி போனவள் நின்றாள்.

"நாளைக்கும் வருவியளா சார்? வந்தா சொல்லிருங்க. நாங்க பொம்பளைய நாலஞ்சு பேரு வருவோம். ஓடைக்கு அங்கிட்டு போயிக்கிடுதோம். முள்ளு கெடக்கு, பாம்பும் உண்டு. பரவால்ல."

புதருக்குள் எங்கோ குருவி கூவியது.

"வரலம்மா" என்று சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது.