அண்ணாச்சி ஏலம் எடுத்த சேவல்

"ஒரு சேவலுக்கு ஆயிரம் ரூபாயா?"

பேங்க் ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரே நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏலப்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கோட்டயம் வந்திருந்தார்கள். ஒருத்தி செபமாலையம்மாள், எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். பக்கத்தில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர் எஸ்டேட் கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார்.

"செபஸ்தியார் திருநாள் ஏலம்யா. நான் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். ஏத்தித்தான் கேப்பாக" என்றாள் செபமாலை.

"ஏத்தினாலும் ஆயிரமா?"

உபதேசியாருக்கும் அதே குழப்பம்தான். திங்கட்கிழமை சாயங்காலம் ஏலத்தில் சுற்ற ஆரம்பித்த தலை இன்னும் நிற்கவில்லை.

இந்த வருடம் ஏலப் பணம் முழுவதும் செபமாலையின் புருஷன் செபாஸ்டினுக்கு என்று கோயிலில் அறிவித்தவர் அவர்தான். நிழல்மரம் வெட்ட ஏறியவன் விழுந்து, தொடை எலும்பு முறிந்து, இதே கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் காலுக்குக் கம்பி வாங்கிக் கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான். சேவல் பத்து ரூபாய்க்குப் போகும், மிஞ்சினால் பதினைந்து என்று உபதேசியார் மனக்கணக்குப் போட்டிருந்தார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து, "ஆயிரம்!" என்று ஒரு குரல் வந்தது.

ரேஷன் கடை ஏசுரத்தினம் அண்ணாச்சி! எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர். காணிக்கைத் தட்டு பக்கத்தில் வந்தால் கண்ணை மூடி ஜெபத்தில் ஆழ்ந்துவிடுவார். செபமாலை கைமாற்றுக் கேட்டுப் போனபோது, "விசுவாசம் இருந்தா எலும்பு தன்னால கூடும்மா" என்று சொல்லி அனுப்பியவர். அவர் மடியிலிருந்து ஒற்றை நோட்டை எடுத்து நீட்டினார்.

"பேரெல்லாம் எழுத வேண்டாம் உபதேசியாரே. வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாது."

கோயிலே கண்கலங்கியது. உபதேசியார் வாய்விட்டே அழுதார்.

மறுநாள் பேப்பரில்தான் பார்த்தார்கள். ஆயிரம் ரூபாய் நோட்டு இனி செல்லாது! எழுபத்தெட்டாம் வருடம் ஜனவரியில் இப்படியும் ஒரு கூத்து. அன்றைக்கு பேங்க்குகளும் மூடல். புதன்கிழமை இப்போது இங்கே வந்து நிற்கிறார்கள்.

"செல்லாதுன்னா எப்படிய்யா?" என்றாள் செபமாலை. "நோட்டுலயே 'தாரேன்'னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காகளாமே. யாரு அவுக?"

"ரிசர்வ் பேங்க் கவர்னர்."

"அவுக வாக்கு மாறிட்டாகளா?"

"அவர் மாறலம்மா. அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டிருக்கு. சட்டம் செல்லாதுன்னு சொல்லிட்டா அவர் கையெழுத்துக்கும் மதிப்பு இல்லை."

"ஒருத்தர் தாலி கட்டுவாக, இன்னொருத்தர் வந்து அறுப்பாகளா? ஒண்ணுமே வெளங்கலையே உபதேசியாரே!"

உபதேசியாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் விளங்கியவர் மாதிரி தலையை ஆட்டினார்.

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முழுசா அறுத்துடலம்மா. நாளை வரைக்கும் மாத்திக்கலாம். ஆனா இது யார்கிட்டேருந்து, எப்படி வந்ததுன்னு பாரத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும். கறுப்புப் பணத்தைப் பிடிக்கத்தானே இந்தச் சட்டமே."

"கோயில் காணிக்கைன்னு மட்டும் எழுதினா?" என்று இழுத்தார் உபதேசியார். "குடுத்தவர் பேரைச் சொல்லாதேன்னு கேட்டிருக்கார் சார். தர்மவான்!"

"பேர் இல்லேன்னா இது வெறும் காகிதம்."

உபதேசியாருக்குக் குடை நழுவியது. "நான் என்ன செய்வேன் செபமாலை? பீடத்துக்கு முன்னால வாக்குக் குடுத்திருக்கேனே. ஒரு பக்கம் வாக்கு, ஒரு பக்கம் செபாஸ்டின் கால்."

"நீங்கதான குடுத்தீக? நான் குடுக்கலையே!" என்றாள் செபமாலை. "இம்புட்டுப் பெரிய தர்மம் செஞ்சவுக பேரு சர்க்காருக்குத் தெரியாமப் போனா பாவம்யா. எழுதிக்கோங்க. ஏசுரத்தினம். தகப்பனார் பேரு சூசை. ஏலப்பாறை ரேஷன் கடை. கடைக்குப் பின்னால எழும்புதே புது மாடி வீடு, அதுவும் அவுகளதுதான்."

ஆபீசரின் பேனா நின்றது. "ரேஷன் கடையா?"

"ஆமாய்யா. சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அவுகதான். எங்களுக்கு மட்டும் எப்பப் போனாலும் தீர்ந்து போயிரும்."

பேனா மறுபடி ஓடியது, இந்த முறை கொஞ்சம் வேகமாக.

"நோட்டு செல்லாதுன்னு ரேடியோவுல திங்கட்கிழமை காலையிலேயே சொன்னாங்களே. நீங்க யாரும் கேட்கலையா?"

"எங்க லயத்து வீடுகள்ல ரேடியோவுக்கு எங்கய்யா போறது!" என்று கையை விரித்தாள் செபமாலை.

நோட்டு மாறியது. பணம் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கட்டப்பட்டது. செபாஸ்டினுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் செபமாலை முதல் முறையாக உட்கார்ந்து அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் உபதேசியாருக்கு மனசே ஆறவில்லை.

"கால் பொழைச்சது சரி. ஆனா அந்த நல்ல மனுஷனுக்கு நாம துரோகம் பண்ணிட்டோமே செபமாலை. நோட்டு செத்துப்போச்சுன்னு அவருக்கு எங்கே தெரிஞ்சிருக்கும், பாவம்!"

"தெரியாம என்ன உபதேசியாரே?" செபமாலை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திங்கட்கிழமை காலையில மண்ணெண்ணெய்க்குப் போயிருந்தேன். கடை ரேடியோவுல நியூஸைக் கேட்டு அண்ணாச்சி மயங்கி விழுந்தாக. தண்ணி தெளிச்சு எழுப்பி, 'சாயங்காலம் கோயில்ல என் சேவல் ஏலத்துக்கு வருது'ன்னு காதுல சொன்னதே நான்தான்!"