பூப்போட்ட சட்டை

"இதைப் போட்டுக்கிட்டு நான் வரமாட்டேன். இது சட்டை இல்ல, நைட்டி."

பாண்டிச்செல்வம் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தான். மஞ்சள் துணியில் கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள்.

"நைட்டி தச்ச மிச்சத்துல தச்ச சட்டை" என்றாள் வெங்கடேஸ்வரி. "புதுத் துணி. சும்மா கெடந்தா வீணாத்தானே போவும்?"

வன்னியம்பட்டி நிலத்தில் தண்ணீருக்காக மூன்று போர்வெல் போட்டார்கள். மூன்றிலும் புகைதான் வந்தது. பொங்கியதெல்லாம் கடன்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இராஜபாளையம் வந்த நாளிலிருந்து அவள் நைட்டி தைக்கிறாள், அவன் மொபெட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறான்.

விற்கிறான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. கான்சாபுரம் தெருவில் நின்று 'நைட்டி' என்று கூவ ஏர் பிடித்துப் பழகிய அந்தச் சம்சாரிக்கு வாய் வரவே இல்லை. கட்டிய மூட்டை கட்டியபடியே வீடு வந்து சேரும்.

அறுபது நைட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வெட்டி மிஞ்சிய பிட்டுத் துணியை மட்டும் அவள் வீணாக்கவில்லை. தலையணை உறை, ஜன்னல் திரை, வண்டி சீட்டு உறை, காய்கறிப் பை எல்லாவற்றிலும் அதே பூ. அந்த வீட்டில் பூ ஏறாமல் மிஞ்சியிருந்தது அவன் ஒருத்தன்தான்.

"சகலை வீட்டு விசேஷம்டி. ரிட்டயர்டு எஸ்.ஐ. வீடு. ஊரே வந்திருக்கும்."

"வரட்டும். கடனை வச்சுக்கிட்டுப் பட்டுச்சட்டை போட்டாத்தான் சிரிப்பாவ."

அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "ஒரே ஒரு ஆள் சிரிச்சாலும் சரி, நாளைக்கே மில்லுல வாட்ச்மேன் வேலைக்குச் சேந்துருவேன். உன் தையல் மெஷினை வந்த வெலைக்குத் தள்ளிருவேன். சம்மதமா?"

அவள் செத்த நேரம் யோசித்தாள்.

"சம்மதம்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் சகலை சிவனாண்டியின் பேரனுக்குக் காது குத்தி முடித்துப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பாண்டிச்செல்வம் சுவரோரமாகவே நடந்துபோய், தூண் மறைவில் ஓர் இலை பார்த்து உட்கார்ந்தான். ரசம் வருவதற்குள் சிவனாண்டி வந்துவிட்டார்.

வந்தவர் சட்டையைப் பார்த்தார். சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ன சகலை, நைட்டித் துணியிலயா சட்டை போட்டிருக்கீய?"

பந்தி மொத்தமும் திரும்பியது.

"ஆமா அண்ணாச்சி."

"எந்திரிங்க, எல்லாரும் பாக்கட்டும். யாரு தச்சது?"

சோற்றுக் கையோடு எழுந்து நின்றான். "உங்க கொழுந்தியாதான்."

"ஒரு தண்ணியில போட்டாச் சாயம் பூரா போயிருமே."

அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. வெங்கடேஸ்வரி ராத்திரி பகலாகத் தைத்ததை ஒருத்தர் மட்டம் தட்டினால் அவனுக்குப் பொறுக்காது. "போவாது. ஆறு மாசமா அவ இதே துணியிலதான் உடுத்துதா. சுத்தப் பருத்தி."

"தையலு பிரிஞ்சிரும்."

"இழுத்துப் பாருங்க."

சிவனாண்டி இழுத்தார். போலீஸ்காரர் இழுப்பு. தையல் அசையவில்லை.

"சரி, நைட்டி எம்புட்டு?"

"இருநூத்தம்பது."

"அம்புட்டுக்கும் வெறும் துணிதானா?"

"ரெண்டு பக்கமும் பாக்கெட்டு உண்டு அண்ணாச்சி. செல்போன் வைக்கலாம்" என்று பாண்டிச்செல்வம் கத்தினான். கடைசி வரிசையில் காது கேளாத ஒரு பெரியவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

அய்யம்மாள் என்ற அத்தை எழுந்து வந்து இடது கையால் துணியைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர். அவனுக்கு யார் முகமும் தெரியவில்லை, சிரிப்புதான் தெரிந்தது. இலையைப் பாதியில் மூடிவிட்டு வெளியே வந்து வண்டியை உதைத்தான்.

பத்து உதைக்குப் பிறகு அது கிளம்பியபோது வெங்கடேஸ்வரி ஓடி வந்தாள்.

"நாளைக்கு மில்லு" என்றான் அவன்.

"நாப்பத்தி மூணு" என்றாள் அவள்.

"என்ன நாப்பத்தி மூணு?"

"நைட்டி. நாளைக்கே கொண்டாரச் சொல்றாவ. அய்யம்மா அத்தை மட்டும் ஆறு கேட்டிருக்காவ."

அவன் வண்டியை அணைத்தான். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மில் எங்கேயும் ஓடிவிடாது என்று தோன்றியது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"வித்தா வித்துட்டுப் போவட்டும். அந்த மனுசன் வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன். சொந்தச் சகலையை நாலு பேர் முன்னால இப்படியா?"

அதற்குள் சிவனாண்டியின் மனைவி சண்முகத்தாய் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"தம்பி, பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டீய. வந்து சாப்பிடுங்க."

"வேண்டாம் மதினி. உங்க வீட்டுக்காரர் சிரிச்சதுலேயே வயிறு நெறஞ்சுட்டு."

சண்முகத்தாய் தங்கையைப் பார்த்தாள். வெங்கடேஸ்வரி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"போன மாசம் அவிய துட்டோட வந்தப்ப, கைநீட்டி வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்புனீய. பொறவு வேற எப்படித்தான் ஒதவுறது? கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் இவ எழுதிக் குடுத்தா. சிரிப்புத்தான் அவியளுக்கு வரல. ஒரு வாரமா கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுப் பழகுனாவ தம்பி. இன்னைக்கு உங்களப் பாத்துச் சிரிச்சுட்டு, மனசு கேக்காம உள்ள போய் உக்காந்தவிய இன்னும் ஒரு வாய் திங்கல. வாங்க, ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல இலை போட்டிருக்கேன்."