பாப்பாவுக்குப் பதினேழு நாள்

"மூணு நாள் எந்த மூலைக்குத் தம்பி? சின்னக் குழந்தையோட போறவங்களுக்கு, பெட்டியைத் திறந்து மூடவே அது சரியா இருக்கும்," என்றார் டிராவல்ஸ் அம்மா.

எதிரே உட்கார்ந்திருந்த கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக் கதவிடுக்கில் செருகியிருந்த விளம்பரத் தாளைப் பார்த்துவிட்டு, தீம் பார்க்குக்கு மூன்று நாள் போய்வர என்ன ஆகும் என்று சும்மா விசாரிக்க வந்தவர்கள் அவர்கள்.

அவர்களுடைய மகள், இரண்டே கால் வயது உருண்டை, அந்தச் சின்ன அலுவலகத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். சுவரைத் தொட்டதும் 'தொம்' என்று ஒரு குதி. மறுபடி ஓட்டம்.

"உருண்டை, ஒரு இடமா உட்காரு," என்றாள் மனைவி, கடமைக்காக.

"விடும்மா, ஓடட்டும். ஓடுற குழந்தைக்குத் தோதான இடமாத்தான் பார்த்து வச்சிருக்கேன். நூத்தி இருபது ஏக்கர் பார்க். அத்தனையும் மண் தரை."

கணவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பான். இந்த அம்மாவுக்குக் கண் இரண்டும் சிவந்து, கீழே கருவளையம் கட்டியிருந்தது. நாளெல்லாம் கம்ப்யூட்டரையே பார்க்கிறார் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டான். எங்கேயோ பார்த்த முகமாகவும் இருந்தது. கடைக்கு வந்திருப்பார்.

"ஆனா மேடம், ராட்டினத்துல ஏற நூறு சென்டிமீட்டர் உயரம் வேணும்னு போட்டிருக்கே. இவ எண்பத்தி நாலுதான் இருக்கா."

"பதினாறு சென்டிமீட்டர்தானே குறையுது? வளர்ற வரைக்கும் இருந்துட்டு வாங்களேன்."

கணவன் சிரித்தான். டிராவல்ஸ் அம்மா சிரிக்கவில்லை. காலண்டரைப் புரட்டினார்.

"பார்க்குல ஏழு நாள். எட்டாம் நாள் காலையில பஸ் வரும், நேரா துறைமுகம். அங்கேருந்து பத்து நாள் கப்பல்."

"கப்பலா?" என்று நிமிர்ந்தாள் மனைவி. "கல்யாணம் ஆன புதுசுல இவங்களும் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னாங்க."

"படகுன்னு சொன்னேன்," என்றான் கணவன்.

"சொன்னதுக்கு மேல செஞ்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க தம்பி."

"மேடம், எனக்கு அத்தனை நாள் லீவு தரமாட்டாங்க."

"பல்வலின்னு சொல்லுங்க."

"பதினேழு நாளா?"

"முப்பத்திரண்டு பல் இருக்கே."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இவ காலையில அஞ்சரைக்கே எழுந்துடுவாளே, கப்பல்ல பால் கிடைக்குமா?"

"அஞ்சு இருபதுன்னே வச்சுக்குவோம்," என்று குறித்துக்கொண்டார் டிராவல்ஸ் அம்மா. "கிடைக்கும். அறை மட்டும் நான் சொல்றதை எடுத்துக்கங்க. அடித்தளம்."

"ஜன்னல் இருக்குமா?"

"ஜன்னல் இருக்காது. ஆனா அதுக்குக் கீழே மீனுங்கதான் இருக்கும். அதுங்களுக்குக் காது கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்."

உருண்டை இந்த முறை மேசைக்கு அருகிலேயே குதித்தாள். டிராவல்ஸ் அம்மாவின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக எழுதியது.

"என் கமிஷனைக் கழிச்சுட்டேன். பாப்பாவுக்குத் தள்ளுவண்டி நான் தர்றேன். துறைமுகத்துக்கு வழியனுப்ப நானே வர்றேன்."

கேட்காத வரம் கிடைத்தால் கேள்வி கேட்க வேண்டும் என்பது கணவனின் கொள்கை. மனைவியின் காதோரம் குனிந்தான். "ஏதோ இடிக்குது. லாபம் இல்லாம யாராவது இவ்வளவு இறங்கி வருவாங்களா?"

"உலகத்துல நல்லவங்களே இருக்கக் கூடாதா?" என்று கிசுகிசுத்தாள் அவள். "வீடு மாறி ரெண்டு மாசம் ஆகுது. நம்மகிட்ட ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசினாங்களா? இவங்கதான் முதல் ஆள். அதையும் கெடுத்துடாதீங்க."

அவள் சொன்னதும் சரிதான். உண்மையில் அந்தக் குடியிருப்பில் அவன் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் இறங்கினார்கள். இப்போது கடல் என்றதும் மனைவியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் போல ஒன்றை அவன் பார்த்து எத்தனையோ நாளாகிறது. வருவது வரட்டும் என்று விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

டிராவல்ஸ் அம்மா கண்ணை மூடி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். கோயில் வாசலில் பிரார்த்தனை நிறைவேறியவர்கள் விடுகிற மூச்சு அது.

"டிக்கெட்டை நாளைக்கு நானே வீட்ல கொண்டுவந்து தந்துடறேன்," என்றார்.

"அட்ரஸ் எழுதிக்கங்க மேடம்."

"எழுதியாச்சு."

கணவன் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தான். தெரு, கட்டடம், நாலாவது மாடி, கதவு எண், லிஃப்டுக்கு இடப்பக்கம் என்பது வரை பிசகில்லாமல் இருந்தது.

"நாங்க அட்ரஸ் சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிராவல்ஸ் அம்மா விண்ணப்பத்தை வாங்கி, இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"உங்க வீட்டுத் தரைதான் தம்பி, எங்க வீட்டுக்குக் கூரை."