மீனுக்கு மட்டும்

“மீனுக்கு விடலாம், மனிசருக்கு விட ஏலாது. அப்படித்தானே சொல்லுறீங்க?”

மருத்துவிச்சி அன்னப்பூரணி ராணுவச் சோதனைச்சாவடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் தோணித்துறை அது. அக்கரையான படுவான்கரை போராளி இயக்கத்தின் வசம் இருந்தது. அங்கே மருந்து கொண்டுபோவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும்.

அவளுடைய பிளாஸ்க்கிலிருந்து எடுத்த ஐந்து குப்பிகள் மேசையில் கிடந்தன. ஒக்சிடோசின். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் நிற்காமல் போகும்போது போடுகிற ஊசி மருந்து. அவளுக்கு முன்னால் நின்றவரின் ஐஸ் பெட்டியிலும் அதே மருந்துதான். நாற்பது குப்பிகள். அதைத் திறந்து பார்த்து, மூடி, போகச் சொல்லிவிட்டார்கள்.

“அவருக்குக் கடிதம் இருக்கு,” என்றான் சிப்பாய், கற்றுக்கொண்ட தமிழில். “மீன் ஆராய்ச்சி. கொழும்பு முத்திரை. மிஸிக்குக் கடிதம் இல்ல.”

“நாலு தரம் எழுதிப்போட்டன். பதில் வரல்ல.”

“வந்த பிறகு வாங்க.”

ஐந்து குப்பிகளையும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினான்.

தோணியில் அவளுக்கு எதிரே அந்த ஐஸ் பெட்டிக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். பெட்டியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள். தோணிக்காரர் வல்லிபுரம் கம்பை ஊன்றித் தள்ளினார். அன்னப்பூரணியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“நீங்க ஆரு?”

“அழகரத்தினம். கம்பஸில விலங்கியல் படிப்பிக்கிறன்.”

“மீனுக்கும் பேறு பாக்கிறீங்களா?”

வல்லிபுரம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அழகரத்தினம் வகுப்பில் பேசுவதுபோல உரத்த குரலில் ஆரம்பித்தார்.

“மீன்ட மூளையிலயும் இதைப்போல ஒரு சாமான் ஊறுது மிஸி. பூட்டைத் திறக்கிற, ஒன்பது பல்லுள்ள திறப்பு எண்டு வையுங்க. எங்கட திறப்புக்கும் மீன்ட திறப்புக்கும் ரெண்டு பல்லுத்தான் வித்தியாசம். அது போய்ப் பூருறதுக்கு உடம்பில பூட்டு இரிக்கு. மீன், தவளை, பறவை, மனிசர் எண்டு உயிர்கள் பிரிஞ்சு வர வர அந்தப் பூட்டும் மாறி வந்திரிக்கு. எங்களுக்கு ஒண்டு, கன சாதி மீனுக்கு ரெண்டு. மனிசர்ட திறப்பு மீன்ட பூட்டைத் திறக்குதா எண்டு பாக்கிறதுதான் என்ட ஆராய்ச்சி.”

“திறந்தா என்ன?”

“நாங்களும் மீனும் ஒரே வழியில வந்த உயிர் எண்டதுக்கு இன்னொரு அத்தாட்சி.”

“அத்தாட்சி,” என்றாள் அன்னப்பூரணி. “போன வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு அத்தாட்சி கிடைச்சிச்சு. கரடியனாற்றுப் பக்கத்துப் புள்ள, இருபத்திரெண்டு வயசு. தலைப்பிள்ளை. புள்ள நல்லாத்தான் பிறந்திச்சு. மறுகா தாய்க்கு ரத்தம் நிக்கல்ல. ரெண்டு மணித்தியாலம் வயித்தை அமுக்கிக்கொண்டு நிண்டன். என்ட கை விறைச்சுப்போச்சு, ரத்தம் நிக்கல்ல. ஒரே ஒரு குப்பி இருந்திருந்தா அவ இண்டைக்குப் பால் குடுத்துக்கொண்டு இருப்பா.”

அழகரத்தினம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ளைக்கு ஒரு பூட்டுத்தான். மீனுக்கு ரெண்டு. அதால மருந்தும் மீனுக்குத்தான், என்ன?”

“ஆராய்ச்சியும் வேணும்தானே மிஸி.”

“ஆரு வேணா எண்டது? நாற்பது குப்பி, நாற்பது பொம்புளைட உயிர். மீன் செத்தாக் கறி வைக்கலாம். தாய் செத்தா அந்தப் பச்சைப் புள்ளைக்கு நான் எங்க போய்ப் பால் தேடுற?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அஞ்சே அஞ்சு தாங்க. உங்கட மீன் கோவிக்காது.”

அழகரத்தினம் நிமிர்ந்து அந்த இரண்டு ஆண்களையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“கடிதத்தில மீனுக்கு மட்டும் எண்டுதான் இரிக்கு. ஏலாது மிஸி.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரை வரும்வரை அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

இறங்கியதும் அந்த இரண்டு பேரும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். அன்னப்பூரணி வேகமாக நடந்தாள். பிரசவ விடுதிக்கு அவள் மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி. கதவைத் திறந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“இங்க என்னத்துக்கு வாறீங்க? உங்கட மீன் தண்ணிக்குள்ள இரிக்கு.”

அழகரத்தினம் உள்ளே வந்து பெட்டியை மேசையில் வைத்தார்.

“ஐஸ் கரைய முதல் எடுத்து வையுங்க மிஸி. நாற்பதும் உங்களுக்குத்தான். முந்தி இருந்த மிஸிக்குத் தெரியும். எழுதி வைக்க ஏலாத விசயம், அதுதான் உங்களுக்குச் சொல்லாமப் போயிருப்பா. தோணியில வந்த ரெண்டு பேரும் ஆரெண்டு எனக்குத் தெரியா.”

அவள் பெட்டியைத் திறந்து குப்பிகளைக் குளிர்ப்பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

“இந்த முறை கடிதம் தர ரெண்டு மாசம் இழுத்துப்போட்டாங்க. இல்லாட்டி அந்தப் புள்ளைக்கும்...”

“அப்ப உங்கட ஆராய்ச்சி?” என்றாள் அன்னப்பூரணி.

“தாய் வீட்டுக்குப் பிள்ளைப்பேத்துக்கு வந்த என்ட மனிசி, இந்தக் கட்டிலில ரத்தம் போய்த்தான் செத்தவ. அண்டையில இருந்து மூண்டு வருசமா நான் ஒரு மீனையும் தொடல்ல மிஸி, கடிதத்தை மட்டும் புதுப்பிச்சுக்கொண்டு வாறன்.”