ஆறாவது எண்

ரொசாரியோ செஸ் கிளப்பில் மாத்தே என்கிற மூலிகை டீ, ஒரே கிண்ணத்தில் எல்லாரையும் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஊற்றிக் கொடுத்தவர் கிரிசெல்டா டீச்சர். எவரிஸ்டோவின் முறை வந்ததும், அவரைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினார்.

"டீச்சர், எனக்கு?"

"பொறாமைக்காரங்களுக்கு நான் ஊத்தறதில்லை!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். டீச்சர் ஒரு சுடோகு உருவாக்கியிருந்தார். குதிரை தாவும் தூரத்தில் அதே எண் வரக் கூடாது. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதிய சில கூட்டுத்தொகைகள்தான் துப்பு.

கிளப்பின் செய்தித் தாளைக் கையால் எழுதி அச்சுக்குக் கொடுக்கும் எவரிஸ்டோ அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு விடை வருதே டீச்சர்" என்றார்.

புதிர் போடுகிறவருக்கு இதைவிட அவமானம் உண்டா? டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒண்ணும் மாத்தாம அப்படியே போடுங்க!"

தாள் வந்தது. நாற்பது பேர் போட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே விடை! 'ஆண்டின் சிறந்த புதிர்' என்று இன்று பரிசும் கொடுத்துவிட்டார்கள்.

"எங்கே உங்க ரெண்டாவது விடை? எல்லாருக்கும் காட்டுங்களேன்!"

எவரிஸ்டோ தலையைச் சொறிந்தார். "நான்தான் தப்பாப் போட்டுட்டேன் போல, டீச்சர்."

அதற்குப் பிறகு அவர் கிளப் பக்கமே வரவில்லை. 'மூஞ்சியைக் காட்ட வெட்கம்' என்று டீச்சர் சிரித்துக்கொண்டார்.

நாலு வருடம் ஓடியது. கிளப் புதிர்களைப் புத்தகமாகப் போட முடிவானது. டீச்சர் தன் நோட்டிலிருந்து அதைப் பிரதி எடுத்து, சரிதானா என்று போட்டுப் பார்த்தார்.

ரெண்டு விடை வந்தது.

பதறிப்போய்ப் பழைய தாளைத் தேடி எடுத்தார். நோட்டில் ஓரத்து எண்கள் ஐந்து. தாளில் ஆறு.

அடப்பாவி மனுஷா!

மாத்தே கிண்ணமும் வெந்நீர் பிளாஸ்க்குமாக அவர் வீட்டுக்கு ஓடினார். எவரிஸ்டோ சுவரைத் தடவித் தடவி வந்து கதவைத் திறந்தார். பார்வை போய் மூன்று வருடமாம்.

"யாரது?"

"நான்தான்... கிரிசெல்டா."

"அட, டீச்சரா! உள்ளே வாங்க, வாங்க."

டீச்சர் கிண்ணத்தில் ஊற்றி அவர் கையில் வைத்தார்.

"அந்த ஆறாவது எண்... அத்தனை பேர் முன்னாடி உங்களை அசிங்கப்படுத்தினேனே, அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

எவரிஸ்டோ நிதானமாக ஒரு வாய் உறிஞ்சினார்.

"சொல்லியிருந்தா அந்தப் பரிசை அங்கேயே திருப்பிக் குடுத்திருப்பீங்க. உங்க நேர்மை எனக்குத் தெரியாதா, டீச்சர்?"