வாசலில் கழற்றிய பட்டை

பொய் சொன்னால் சிவப்பாக எரியும் கைப்பட்டை எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் குடியிருப்புச் சங்கக் கூட்டம் என்றால் அதையும் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிடுவது அங்கே வழக்கம்.

தலைவரின் மகன் லிஃப்ட் கண்ணாடியை உடைத்ததைச் சௌந்தரி கண்ணால் பார்த்திருந்தாள். ஆனாலும், பெருக்கித் துடைக்கும் செல்வராணிதான் உடைத்தாள், வேலையைவிட்டு நிறுத்தலாம் என்று எல்லோரும் கை தூக்கியபோது சௌந்தரியும் தூக்கினாள்.

கூட்டம் முடிந்து பட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே செல்வராணி.

"நீங்களாவது எனக்காகப் பேசுனீங்களாக்கா?"

சௌந்தரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பேசுனேன், ராணி."

மெல்லிய நூல் புடவை. சிவப்பு வெளியே தெரிந்தது.

செல்வராணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"விடுங்கக்கா. நீங்க இவங்களோடதான இருந்தாகணும்."